பூச வேண்டாம், முதலில் அளந்து வையுங்கள்

வாசகர் கேள்வி: நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் சொந்த மனையில் நான்கு வருடம் முன்பு வீடு கட்டினோம். பில்லர் வைத்த தரைத்தள வீடு, 1,150 சதுர அடி. காண்ட்ராக்டருக்கு மொத்தம் 26 லட்சம் கொடுத்தோம். நான்கடி வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டினார். மண் பரிசோதனை தேவையில்லை என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். போன வருடம் மே மாதம் மேற்குப் பக்கப் படுக்கையறையில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் வந்தது. மழைக்குப் பிறகு கொஞ்சம் மூடிய மாதிரி இருந்தது. இந்தக் கோடையில் மறுபடி திறந்து, ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு வந்துவிட்டது. மேலே அகலம், கீழே மெல்லிசு. பக்கத்து வீட்டு போர்வெல்தான் காரணம் என்கிறார் காண்ட்ராக்டர். காண்ட்ராக்டர் சிமெண்டைக் குறைத்துவிட்டார் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். தெரிந்த இன்ஜினியர் ஒருவர் சுத்தியல் டெஸ்ட் எடுத்து, எம்-20 வலிமைத் தரக் கான்கிரீட் இருக்க வேண்டிய இடத்தில் அதைவிடக் குறைந்த எம்-15தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். பில்லர்களைச் சுற்றிக் கூடுதல் கான்கிரீட் உறை போட, அதாவது ஜாக்கெட்டிங் செய்ய, மூன்றரை லட்சம் ஆகுமாம். இந்த ரிப்போர்ட்டை வைத்து நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா? எங்கள் பக்கம் எழுதிக் கொடுக்கும் நல்ல நிபுணர் ஒருவரை எப்படிப் பிடிப்பது? அடுத்த மாதம் மகளுக்கு வளைகாப்பு, அதற்குள் விரிசலைப் பூசி வெள்ளையடித்துவிடலாமா? முதலில், இந்த வீட்டில் இருப்பது பாதுகாப்புதானா? படங்கள் இணைத்திருக்கிறேன்.

அம்மா, வணக்கம். நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். ராத்திரி தூக்கம் கெடுவது அதனால்தான் என்று தெரியும்.

நீங்கள் அனுப்பிய பதினோரு படங்களிலும் விரிசல் செங்கல் சுவரில்தான் இருக்கிறது. பில்லரிலோ பீமிலோ ரூஃப் கான்கிரீட்டிலோ இல்லை. உங்கள் வீட்டில் கூரையைத் தாங்குவது பில்லர்கள். நடுவில் இருக்கிற சுவர் பெரும்பாலும் தன் எடையை மட்டும்தான் சுமக்கிறது. சில மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சுவர் விரிசல், இரண்டு கோடையாக மெதுவாக வளர்ந்திருக்கிறது. இதை வைத்துப் பார்த்தால் உடனே வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை எனக்குத் தெரியவில்லை. ஆனால் படம் பார்த்துச் சொல்வது வேறு, நேரில் பார்த்துச் சொல்வது வேறு. பில்லரிலோ பீமிலோ புதிதாகக் கோடு விழுந்தால், கான்கிரீட் செதில் செதிலாகப் பெயர்ந்து கம்பி தெரிந்தால், நேற்று வரை சாத்திய கதவு இன்று திடீரென்று இறுகினால், விரிசல் சில நாளிலேயே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அகன்றால், அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். அன்றைக்கே ஒரு கட்டமைப்புப் பொறியாளரை வரவழையுங்கள். இவற்றில் ஒன்றும் இல்லாத வரை, நிதானமாக வேலை செய்ய நேரம் இருக்கிறது.

அப்புறம் பூச்சு. தயவுசெய்து பூசாதீர்கள். வளைகாப்பு வீட்டில் விரிசலோடு சுவர் நிற்பது மனசுக்குக் கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த வழக்கில் உங்களிடம் இருக்கிற ஒரே நேரடி சாட்சி அந்த விரிசல். அது எந்த மூலையில் ஆரம்பித்தது, எந்தப் பக்கம் சாய்ந்தது, எங்கே அகன்றது, பழைய விளிம்பில் தூசி படிந்திருக்கிறதா, செங்கல்லையே வெட்டிப் போகிறதா, கலவை இணைப்பு வழியாகப் படிப்படியாக இறங்குகிறதா என்பதெல்லாம் எழுத்து மாதிரி அதில் பதிந்திருக்கிறது. பட்டி வைத்து இழைத்துப் பெயிண்ட் அடித்தால் அந்த எழுத்து அழிந்துவிடும். நான் ஆய்வுக்குப் போகிற வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான், இரண்டு தடவை பூசி மூன்றாவது தடவை விரிசல் விட்ட பிறகு கூப்பிடுவார்கள். முதல் விரிசல் எப்படி இருந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

சாலை விபத்து ஆய்விலும் இதே கதைதான். பிரேக் பிடித்த டயர் தடம் ரோட்டில் இருக்கும்போது அளந்துவிட்டால், வண்டி என்ன வேகத்தில் வந்தது என்று கணக்குப் போட முடியும். உலர்ந்த தார்ச் சாலையில் 20 மீட்டர் தடம் இழுத்து வண்டி நின்றிருந்தால், பிரேக் பிடித்த இடத்தில் அதன் வேகம் சுமாராக மணிக்கு 60 கிலோமீட்டர். ஒரு மழை பெய்து, நாலு லாரி போய்விட்டால் அந்தத் தடம் இல்லை. அதற்குப் பிறகு மிஞ்சுவது 'நான் மெதுவாகத்தான் வந்தேன்', 'இல்லை, பறந்து வந்தான்' என்கிற வாய்ச்சொல் மட்டுமே. உங்கள் வீட்டில் தடம் இன்னும் அழியவில்லை. காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, சுத்தியல் டெஸ்டுக்கு வருகிறேன். அதன் சரியான பெயர் மீள்துள்ளல் சுத்தியல் சோதனை. ஸ்பிரிங் வைத்த ஒரு கம்பி கான்கிரீட் பரப்பில் அடித்து, எவ்வளவு தூரம் திரும்பத் துள்ளுகிறது என்று பார்க்கும். பரப்பு கெட்டியாக இருந்தால் அதிகம் துள்ளும். அந்த எண்ணிலிருந்து கான்கிரீட்டின் வலிமையை ஊகிக்கிறோம். ஊகம்தான், அளவீடு இல்லை. இந்தச் சோதனைக்கு நம் நாட்டில் நெடுநாள் பயன்பட்ட தர ஆவணமான ஐ.எஸ். 13311 இரண்டாம் பகுதியே, இதில் கிடைக்கும் வலிமை எண் 25 சதவீதம் மேலேயோ கீழேயோ போகலாம் என்று சொல்கிறது. அப்படியானால் ரிப்போர்ட்டில் 15 என்று இருப்பது உண்மையில் பதினொன்றாகவும் இருக்கலாம், கிட்டத்தட்ட பத்தொன்பதாகவும் இருக்கலாம். பரப்பு ஈரமாக இருந்தால் எண் இன்னும் குறையும்.

இதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் ஏழாவது படத்தில் இருக்கிறது. சுத்தியலை வைத்திருப்பது பெயிண்ட் அடித்த பூச்சின் மேல். பூச்சைக் கொத்தி எடுத்து, கான்கிரீட்டைத் தேய்த்துச் சமமாக்கிய பிறகுதான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். பூச்சின் மேல் அடித்தால் சொல்வது பூச்சின் கெட்டித்தன்மையை. எதிர்த்தரப்பு வக்கீல் இந்த ஒரு படத்தைக் காட்டினால் போதும், ரிப்போர்ட் அங்கேயே படுத்துவிடும். அந்த இன்ஜினியர் உங்களை ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. உதவ நினைத்து அவசரப்பட்டிருக்கிறார்.

கான்கிரீட் வலிமையில் உண்மையாகவே சந்தேகம் இருந்தால், அதைத் தீர்க்க வழி கோர் எடுப்பது. கான்கிரீட்டை உருளையாகத் துளைத்து எடுத்து, ஆய்வகத்தில் அழுத்தி உடைத்துப் பார்ப்பார்கள். கான்கிரீட் கட்டுமானத்துக்கான தர ஆவணம் ஐ.எஸ். 456 சொல்கிற கணக்கு இது: குறைந்தது மூன்று கோர்களின் சராசரி, குறிப்பிட்ட வலிமையில் 85 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, எந்த ஒரு கோரும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. எம்-20 என்றால் சராசரி 17, தனி ஒன்று 15. கவனியுங்கள், உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிற எண்ணை வைத்து இந்தக் கான்கிரீட் தேறுமா தேறாதா என்றே சொல்ல முடியாது. கோர் எடுக்கும் முன் கம்பி எங்கே ஓடுகிறது என்று கருவி வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்பது அங்குல பில்லரில் கண்டபடி துளை போட்டுக் கம்பியை அறுத்துவிட்டால், இல்லாத ஆபத்தை நாமே உண்டாக்கியதாகும்.

ஆனால் அம்மா, இதையெல்லாம் செய்வதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். உங்கள் கான்கிரீட் எம்-15தான் என்று நாளைக்கே நிரூபித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதனால்தான் படுக்கையறைச் சுவரில் விரிசல் வந்தது என்று ஆகிவிடுமா? ஆகாது. பில்லர் கான்கிரீட் பலவீனமாக இருந்தால் அதன் அடையாளம் பில்லரில், பீமில் தெரியும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, மேலே அகன்று, கோடையில் திறந்து, மழைக்கு மூடுகிற விரிசலை அது உண்டாக்காது. வீட்டில் ஒரு குறை இருப்பது வேறு. அந்தக் குறைதான் இந்தச் சேதத்துக்குக் காரணம் என்பது வேறு. கட்டட வழக்குகள் தோற்றுப்போவது பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான். 'சிமெண்டைக் குறைத்தார்' என்று கேஸ் போட்டு, அங்கே 'சிமெண்டுக்கும் விரிசலுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கும்போது பதில் இல்லாமல் நின்றால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் கைவிட்டுப் போகும்.

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இடி விழுந்ததுதான் காரணம் என்று அப்போது ஒரு பேச்சு கிளம்பியது. அன்றைக்கு மழை பெய்தது, அதனால் கேட்பவருக்கு அது நம்பும்படியாகவும் இருந்தது. நீதிபதி ரகுபதி ஆணையம் விசாரித்தபோது வெளிவந்தது கட்டமைப்பு வடிவமைப்பிலேயே இருந்த கோளாறு. பக்கத்தில் விழாமல் நின்ற இரட்டைக் கட்டடத்தையும் 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. பக்கத்தில் நடந்தது என்பதற்காக ஒன்று காரணமாகிவிடாது. உங்கள் பக்கத்து வீட்டு போர்வெல் விஷயத்திலும் இதைத்தான் கேட்க வேண்டும்.

இப்போது உங்கள் விரிசல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மேசையில் வரிசையாக நிறுத்திய புத்தகங்களில் ஓரத்துப் புத்தகம் வெளிப்பக்கம் சாய்ந்தால் இடைவெளி எங்கே விழும்? மேலே. கீழே ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் விரிசலும் அப்படித்தான், மேலே அகலம், கீழே மெல்லிசு. வீட்டின் மேற்கு ஓரம் கீழே இறங்கி வெளிப்பக்கம் சாயப் பார்க்கிறது என்பதற்கு இது பொருந்துகிறது. நடுப்பகுதி இறங்கியிருந்தால் பெரும்பாலும் கீழே அகன்றிருக்கும். அப்புறம் அந்தக் கோடை, மழைக் கணக்கு. நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி அது, கடிதத்திலேயே முக்கியமான வரியும் அதுதான். சிமெண்ட் பருவம் பார்த்துத் திறந்து மூடாது. அப்படிச் செய்வது மண்.

கோவில்பட்டிப் பக்கம் இருந்துகொண்டு உங்களுக்குக் கரிசல் மண்ணைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் காடு பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் கை நுழையும். ஐப்பசி மழை விழுந்ததும் ஊறி, உப்பி, வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும். பருத்திக்கு அது வரம். அஸ்திவாரத்துக்கு அது எதிரி. அந்த மண்ணில் இருக்கிற களித்தாது தண்ணீரைத் தன் அடுக்குகளுக்குள் இழுத்துக்கொண்டு பெருக்கும், காய்ந்தால் சுருங்கும். அதன் மேல் உட்கார்ந்திருக்கிற வீடு வருடா வருடம் ஏறி இறங்கும். வீடு முழுவதும் ஒரே அளவு ஏறி இறங்கினால் பாதகமில்லை. ஒரு மூலை மட்டும் அதிகம் இறங்கும்போதுதான் சுவர் கிழிகிறது.

ஏன் மேற்கு மூலை மட்டும்? உங்கள் மூன்றாவது படத்தில் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் நன்றாக வளர்ந்த வேப்பமரம் ஒன்று தெரிகிறது. சுவரிலிருந்து பத்தடி இருக்குமா? கோடையில் அந்த மரம் தன் வேர் பரவிய மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். மற்ற மூலைகளைவிட அந்த மூலை அதிகம் காயும், அதிகம் இறங்கும். மேற்கு வெயிலும் சேர்ந்துகொள்ளும். இது என் சந்தேகம் மட்டும்தான், இன்னும் முடிவு இல்லை. உடனே மரத்தை வெட்டச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள். கரிசலில் பெரிய மரத்தைத் திடீரென்று வெட்டினால், அது குடித்துக்கொண்டிருந்த ஈரமெல்லாம் மண்ணிலேயே தங்கி, சில வருடங்களுக்கு அந்த இடம் மெல்ல மெல்ல உப்பி வீட்டைத் தூக்கும். முதல் சேதத்தைவிட அது மோசமாகப் போகலாம்.

போர்வெல்லைப் பொறுத்தவரை, ஆழத்தில் பாறையிடுக்கிலிருந்து எடுக்கிற தண்ணீருக்கும், மேலே பத்துப் பன்னிரண்டு அடியில் இருக்கிற களிமண் ஈரத்துக்கும் பெரும்பாலும் நேரடித் தொடர்பு இருக்காது. எத்தனை அடி ஆழம், எத்தனை அடிக்குக் கேசிங் பைப் இறக்கியிருக்கிறார்கள், எந்த மாதம் போட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டு எழுதி வையுங்கள். விரிசல் வந்த பிறகு போட்ட போர்வெல் என்றால் அந்தப் பேச்சே முடிந்துவிடும்.

ஆக, நான் இந்த வீட்டுக்கு ஆய்வுக்கு வந்தால் முதலில் பில்லரைத் தொடமாட்டேன். மண்ணைத்தான் பார்ப்பேன். மேற்குப் பக்கம் ஒன்றும், கிழக்குப் பக்கம் ஒன்றும் அஸ்திவாரத்தை ஒட்டிச் சோதனைக்குழி தோண்டி, ஃபுட்டிங் (பில்லரின் அடிப்பாதம்) எத்தனை அடியில் உட்கார்ந்திருக்கிறது, அதற்கடியில் என்ன மண், எவ்வளவு ஈரம் என்று பார்ப்பேன். ஃபுட்டிங்குக்குக் கீழே போகாமல், மழை இல்லாத நாளில், பொறியாளர் பக்கத்தில் நிற்கும்போது மட்டுமே இதைச் செய்ய வேண்டும். காண்ட்ராக்டர் நான்கடி வானம் தோண்டியதாக எழுதியிருக்கிறீர்கள். கரிசலில் பருவத்துக்குப் பருவம் உப்பிச் சுருங்குகிற அடுக்கு பல இடங்களில் அதைவிட ஆழமாக இருக்கும். இந்த மண்ணுக்கென்றே ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடிப்பகுதி குமிழ் மாதிரி விரிந்த பைல், அதாவது மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண், முறையை உருவாக்கியது. ஆழமான கரிசலில் அந்தப் பைல் குறைந்தது மூன்றரை மீட்டர், அதாவது பதினோரு அடிக்கு மேல் போக வேண்டும் என்று ஐ.எஸ். 2911 சொல்கிறது. ஏன் அவ்வளவு ஆழம்? உப்பிச் சுருங்குகிற அடுக்கைத் தாண்டி, வருடம் முழுவதும் ஈரம் மாறாத இடத்தில் காலை ஊன்றத்தான்.

மண்ணின் குணத்தைச் சொல்ல ஒரு எளிய சோதனை இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய உங்களுக்குப் பிடிக்கும். மண்ணை உலர்த்திச் சலித்து, பத்துப் பத்து கிராமாக இரண்டு அளவு ஜாடிகளில் போடுவார்கள். ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். குறைந்தது 24 மணி நேரம் அப்படியே விட வேண்டும். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது, தண்ணீரில் உப்பும். மண்ணெண்ணெயில் 11 மில்லிலிட்டரில் படிந்த மண் தண்ணீரில் 20 வரை வந்தால், 82 சதவீதம் உப்பியிருக்கிறது என்று கணக்கு. 50 சதவீதத்தைத் தாண்டினாலே அது மிகக் கடுமையாக உப்பும் மண். செலவு குறைந்த சோதனை இது. என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் செய்தால் அந்தத் தாள் நீதிமன்றத்தில் நிற்கும். வீடு கட்டும் முன் இதைச் செய்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. 'மண் பரிசோதனை எல்லாம் தேவையில்லை, நாங்கள் இங்கே நூறு வீடு கட்டியிருக்கிறோம்' என்று காண்ட்ராக்டர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதாக எழுதியிருந்தீர்களே, அந்தச் செய்தியைப் பத்திரமாக வையுங்கள். என் கணிப்பு சரியாக இருந்தால், அந்தச் சுத்தியல் ரிப்போர்ட்டைவிட அந்த ஒரு வரி கனமானது.

இதற்கிடையில் நீங்களே இந்த வாரம் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நாணயம் அளவுகோல் இல்லை, நாணயத்துக்கு நாணயம் தடிமன் மாறும். வெர்னியர் காலிப்பர் ஒன்று வாங்குங்கள். விரிசலில் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், இரண்டு பக்கமும் சுவரில் ஒரு சிறிய ஆணி அல்லது புள்ளி பதித்து, இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து தேதியோடு நோட்டில் எழுதுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், காலையில் என்றால் எப்போதும் காலையில். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் பசை வைத்து ஒட்டினால், சுவர் அசைந்தால் அது உடைந்து காட்டும். ஆனால் எவ்வளவு அசைந்தது என்று அது சொல்லாது, அதனால் நோட்டு முக்கியம். ஒரு கொத்தனாரை வைத்து தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம் பிடித்து, பேஸ்மட்டத்தின் பெல்ட்டை (தரைமட்டத்தில் ஓடும் கான்கிரீட் பட்டையை) சுற்றி எட்டு இடத்தில் மட்டம் எடுத்து வையுங்கள். கட்டும்போதே சில மில்லிமீட்டர் முன்பின் இருந்திருக்கும், அதனால் இந்த முதல் எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஜனவரியில் மறுபடி எடுக்கும்போது எந்த மூலை மாறியிருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டும்.

நல்ல வேளை, நீங்கள் செப்டம்பரில் எழுதியிருக்கிறீர்கள். மண் நன்றாகக் காய்ந்து கிடக்கிறது. இப்போது ஒரு கணக்கு, வடகிழக்குப் பருவமழை ஊறி முடிந்து ஜனவரியில் ஒரு கணக்கு எடுத்தால், இரண்டு முனையும் கையில் இருக்கும். இந்த வேலைக்கு வந்த புதிதில் இதே கரிசல் பக்கம் ஒரு வீட்டை மார்கழியில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, விரிசல் மூடியிருந்ததால் 'பூச்சுச் சுருக்கம்தான், பயமில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். வைகாசியில் அந்தக் குடும்பம் மறுபடி கூப்பிட்டபோது சுவர் வழியாக வெளிச்சம் தெரிந்தது. அதிலிருந்து ஒரு பருவத்தை மட்டும் பார்த்து நான் கையெழுத்துப் போடுவதில்லை.

சட்டப் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன், விவரத்துக்கு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வீடு கட்டிக் கொடுப்பது நுகர்வோர் சட்டத்தின் கீழ் வருகிற சேவைதான் என்பதை லக்னோ வளர்ச்சி ஆணையம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-லேயே தெளிவாக்கிவிட்டது. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். 2019 சட்டத்தின் 69-ஆம் பிரிவுப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அந்த நாள் எது என்பதிலேயே எதிர்த்தரப்பு வாதம் செய்யலாம், அதை வழக்கறிஞரிடம் முதலிலேயே கேளுங்கள். விரிசலைப் பார்த்த நாளிலிருந்து எண்ணினால் பதினாறு மாதம் போய்விட்டது, எட்டு மாதம் இருக்கிறது. ஜனவரி அளவு முடிந்து மார்ச்சுக்குள் மனு தயாரானால் போதும், அதற்கு மேல் இழுக்காதீர்கள். ரியல் எஸ்டேட் சட்டத்தில் கட்டமைப்புக் குறைக்கு ஐந்து வருடப் பொறுப்பு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது மனை, அடுக்ககம் விற்கிற புரமோட்டருக்கு. சொந்த மனையில் காண்ட்ராக்டர் வைத்துக் கட்டிய உங்களுக்கு அந்தக் கதவு திறக்காது.

படங்களை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது சரி, ஆனால் மூலக் கோப்புகள் உங்கள் போனிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, எடுத்த தேதி போன்ற விவரங்களை நீக்கிவிடும். மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டும், அதற்கு மூலம் வேண்டும். இனி எடுக்கும் படங்களில் விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள்.

'எங்கள் பக்கம் எழுதிக் கொடுக்கும் நிபுணர்' என்று கேட்டிருந்தீர்கள். அம்மா, அப்படி ஒருவரைத் தேடாதீர்கள். உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் அப்படிப்பட்டவர் உங்களைக் கூண்டில் கைவிட்டுவிடுவார். நிபுணரின் கருத்தைச் சட்டம் ஏற்பது, அவர் அந்த வழக்கில் சாயாதவர் என்ற நம்பிக்கையில்தான். குறுக்கு விசாரணையில் கேட்பார்கள்: அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்தீர்களா? மண்ணைச் சோதித்தீர்களா? போர்வெல் காரணம் இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? மரத்தை ஏன் எழுதவில்லை? இதற்கெல்லாம் பதில் வைத்திருப்பவர்தான் உங்களுக்கு உதவுவார். உங்கள் குளியலறைக் குழாய் மண்ணுக்குள் கசிந்துகொண்டிருந்தால் அதையும் எழுதுகிறவராக இருக்க வேண்டும். பத்து வரியில் ஒரு வரி உங்களுக்கு எதிராக இருக்கிற ரிப்போர்ட்டைத்தான் நீதிமன்றம் மீதி ஒன்பது வரிக்கும் நம்பும்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். கட்டமைப்பும் மண் பொறியியலும் தெரிந்தவரா, அல்லது மண்ணுக்குத் தனி ஆளைச் சேர்த்துக்கொள்பவரா? ஆய்வு செய்பவரே பழுதுபார்க்கும் வேலையையும் எடுக்கிறாரா? இரண்டாவதற்கு ஆம் என்றால் வேண்டாம். நோயைச் சொல்பவரும் மருந்து விற்பவரும் ஒருவராக இருந்தால் ஜாக்கெட்டிங் மாதிரி பதில்தான் வரும். மண் இறங்குகிற வீட்டில் பில்லரைத் தடிமனாக்குவது எடையைக் கூட்டுமே தவிர இறக்கத்தை நிறுத்தாது. அந்த மூன்றரை லட்சத்தைத் தயவுசெய்து இப்போது செலவழிக்காதீர்கள். மதுரை, திருநெல்வேலியில் உள்ள பொறியியல் கல்லூரிகளின் சிவில் துறைகளில் ஆலோசனைப் பணியாக இப்படிப்பட்ட ஆய்வு செய்கிறார்களா என்று விசாரியுங்கள்.

ஆய்வு நாள் முடிவானதும் காண்ட்ராக்டருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள்: இந்தத் தேதி, இத்தனை மணிக்குச் சோதனைக்குழி தோண்டி மண் எடுக்கிறோம், நீங்களோ உங்கள் பொறியாளரோ வந்து பார்க்கலாம். திட்டாமல், குற்றம் சாட்டாமல், இரண்டே வரி. வந்தால் அவர் கண் முன்னே எடுத்த மண்ணை அவர் மறுக்க முடியாது. வராவிட்டால் அழைத்தும் வரவில்லை என்பது பதிவாகும். பல தகராறுகள் அந்தக் குழியைச் சுற்றி நின்று கரிசலைக் கையில் பிடித்துப் பார்த்த இடத்திலேயே பேசி முடிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பழுதுபார்ப்பது கடைசியில். மண்தான் காரணம் என்று உறுதியானால் முதல் மருந்து ஈரத்தைச் சமமாக வைப்பது: வீட்டைச் சுற்றி வெளிப்பக்கம் சரிவாகக் கான்கிரீட் நடைபாதை, மொட்டை மாடித் தண்ணீரைச் சுவரோரம் விழவிடாமல் தூரமாகக் கொண்டுபோவது, கசிகிற குழாயைச் சரிசெய்வது, மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே வேர்த்தடுப்பு. அதற்கும் அடங்கவில்லை என்றால் மட்டுமே அஸ்திவாரத்தை ஆழப்படுத்துகிற வேலை. அசைவு அடங்கிய பிறகு விரிசலின் குறுக்கே கம்பி வைத்துத் தைத்துப் பூசலாம்.

வளைகாப்பை முன் கூடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையறைச் சுவருக்கு முன்னால் ஒரு பட்டுச் சேலையைத் திரை மாதிரி தொங்கவிட்டால் படத்திலும் நன்றாக இருக்கும், ஆணியும் அசையாது. விசேஷம் முடிந்த மறுநாள் காலையில் வெர்னியரை எடுத்து மூன்று இடத்திலும் அளந்துவிடுங்கள். பொங்கல் கழிந்ததும் அந்த நோட்டின் பக்கங்களையும் டியூப் மட்டக் கணக்கையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்து எழுதுகிறேன்.